வீட்டைச் சுற்றி வௌவால்களுக்கு இடம் கொடுப்பது: கன்னியாகுமரி மாவட்ட வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டையொட்டிப் புரையிடமோ (வீட்டைச் சுற்றிய தோட்டம்) விளையோ (மரத்தோப்பு) வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. வௌவால் தங்குவதற்காக மாட்டும் மரப்பெட்டி, அதாவது வௌவால் பெட்டி, எங்கே கிடைக்கும் என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. பெட்டியைப் பற்றிய பேச்சு இங்கே மூன்றாவதாகத்தான் வருகிறது. காரணம் படிக்கும்போது விளங்கும்.

எங்கள் வீட்டைச் சுற்றி எந்தெந்த வௌவால்கள் இருக்கின்றன?

நம் பக்கத்தில் வாவல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பழம் தின்பவை, பூச்சி பிடிப்பவை என்னும் இரு கூட்டத்தையும் பிரித்தறியாமல் வீட்டில் எந்த ஏற்பாடும் செய்ய முடியாது.

பழம் தின்பவற்றில் பெரியது, ஆலமரத்திலும் மருத மரத்திலும் பகல் முழுவதும் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவால். விரித்த சிறகின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும். எடை ஒரு கிலோவுக்கு மேல் போவதும் உண்டு. இது எதிரொலி கேட்டுப் பறப்பதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பியே இரை தேடுகிறது. ஆகையால் வௌவாலுக்குக் கண் தெரியாது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. அடுத்தது குறுமூக்குப் பழ வௌவால். இரவில் கொய்யாவையோ வாதாம் பழத்தையோ கவ்விக்கொண்டு வந்து, போர்ட்டிகோவின் அடியில் தொங்கித் தின்று, வெள்ளைச் சுவரில் கறை வைத்துவிட்டுப் போவது பெரும்பாலும் இதுதான்.

பூச்சி பிடிப்பவற்றைப் பழைய தமிழில் துரிஞ்சில் என்றார்கள். இவற்றுள் மிகச் சிறிய குட்டை வௌவாலின் எடை மூன்று நான்கு கிராம்தான், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மஞ்சள் வீட்டு வௌவால் சற்றுப் பெரியது. இவை இரண்டும் ஓட்டின் இடுக்கு, மரப்பொந்து, காய்ந்த பனையோலைக்குள் தங்கும். இலைமூக்கு வௌவாலும் பெரிய காது கொண்ட பொய்ரத்தக் காட்டேரி வௌவாலும் குகை, பழைய மண்டபம், இருண்ட பாழ்வீடு போன்ற விசாலமான இடங்களை நாடும். காட்டேரி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; இரத்தம் குடிக்கும் வௌவால் இந்தியாவில் இல்லை.

வௌவால் வந்தால் கொசு ஒழிந்துவிடுமா?

ஒழியாது. ஒரு வௌவால் மணிக்கு நூற்றுக்கணக்கான கொசுக்களைத் தின்னும் என்ற கணக்கு, அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபினும் உடன் ஆய்வாளர்களும் 1960-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளைத்தது. மூடிய அறைக்குள் ஏராளமான கொசுக்களை விட்டு, சில நிமிடங்களில் வௌவாலின் எடை எவ்வளவு கூடியது என்று அவர்கள் பார்த்தார்கள். அந்தச் சில நிமிடக் கணக்கை மணிக்குப் பெருக்கி, பிறகு இரவு முழுவதற்கும் பெருக்கி, இன்று பெட்டி விற்பவர்கள் விளம்பரமாக்கியிருக்கிறார்கள். திறந்த வெளியில் வௌவால் அந்துப்பூச்சி, வண்டு, ஈசல், தத்துப்பூச்சி எனக் கிடைப்பதைத் தின்னும். கொசுவும் அதில் கொஞ்சம் இருக்கும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தேங்காய்ச் சிரட்டையிலும் ரப்பர் மரத்துப் பால் சிரட்டையிலும் தேங்கும் மழைநீரைக் கவிழ்த்துவிடுவதற்கு ஈடாக எந்த வௌவாலும் வேலை செய்யாது.

ஆனால் நாஞ்சில் நாட்டு வயலையொட்டி வீடு இருப்பவருக்கு வேறொரு பயன் உண்டு. நெற்பயிரின் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்துப்பூச்சியாகி இரவில் பறப்பவை. பூச்சி தின்னும் வௌவாலுக்கு அவை நல்ல இரை.

வௌவால் பெட்டி மாட்டினால் வந்து தங்குமா?

தங்கலாம், தங்காமலும் போகலாம். ஸ்பெயின் நாட்டின் எப்ரோ கழிமுகத்து நெல்வயல்களில் பெட்டிகள் வைத்துச் சிறுவௌவால்களைப் பெருக்கியபோது தண்டு துளைப்பானின் தாக்குதல் குறைந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெட்டி வீண் என்று சொல்ல முடியாது என்பதற்கு இது சான்று. அதே சமயம், அந்தப் பெட்டிகளின் அமைப்பு குளிர்நாட்டு வௌவால்களுக்காக உருவானது. வெயிலை உள்ளே தேக்கிச் சூடு கொடுப்பது அங்கே நன்மை. நம் ஏப்ரல் மாதத்தில் அதே பெட்டி அடுப்பாகிவிடும். பெட்டிக்குள் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் குட்டிகள் தாங்குவதில்லை.

பழம் தின்னும் வௌவால் எதுவும் பெட்டிக்குள் வராது. இடுக்கில் ஒடுங்கும் சிறுவகைகள் மட்டுமே வரக்கூடும். அவற்றுக்கும் நம் புரையிடத்தில் பெட்டியைவிட நல்ல இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நாமே ஒவ்வொன்றாக அழித்து வருகிறோம். நான் மாட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் பல்லிதான் குடியிருக்கிறது. அதே விளையின் மூலையில், ஏறாமல் விட்ட பனையின் காவோலைக்குள்ளிருந்து அந்திதோறும் சிறுவௌவால்கள் வெளிவருகின்றன.

அப்படியானால் எவற்றை அழிக்காமல் விட வேண்டும்?

முதலாவது பனை. காய்ந்து கீழ்நோக்கித் தொங்கும் காவோலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடைபோலக் கவிந்திருக்கும். மழை படாது, காற்று உண்டு, மடிப்புக்கு மடிப்பு இருட்டு உண்டு, கழுகும் பூனையும் எளிதில் நெருங்க முடியாது. எத்தனை அறை வைத்துப் பெட்டி செய்தாலும் இதற்கு இணையாகாது. அக்கானி (பதநீர்) இறக்கும் பனையில் காவோலை கழிப்பது தொழிலுக்குத் தேவை. அதைக் குறை சொல்லவில்லை. ஏறாத பனையையும், அழகுக்காகவோ பாம்பு வரும் என்ற பயத்தாலோ, மொட்டையடிப்பதைத்தான் நிறுத்த வேண்டும். வீட்டு நடையையும் பாதையையும் விட்டுத் தள்ளி நிற்கும் ஒன்றிரண்டு பனைகளை அப்படியே விட்டாலே போதும். விறகுக்காகவோ வேலிக்காகவோ கழித்துத்தான் ஆக வேண்டுமென்றால் எல்லாப் பனையையும் ஒரே ஆண்டில் கழிக்காமல் மாற்றி மாற்றிக் கழிக்கலாம்.

இரண்டாவது நெட்டிலிங்கம், கூந்தல்பனை, சுவரில் அடர்ந்து தொங்கும் கொடி ஆகியவை. குறுமூக்குப் பழ வௌவாலில் ஆண், இவற்றின் இலைக்காம்புகளையும் தண்டுகளையும் பழக்குலையின் நடுச்சரங்களையும் பல நாள் கடித்துக் கடித்துக் குடை போன்ற கூடாரம் அமைக்கும். பெண்கள் அதில் வந்து சேரும். நெட்டிலிங்கத்தைத் தூண்போலக் கத்தரித்துவிட்டால் அந்த வேலைக்கு இடமில்லாமல் போகும். திருநெல்வேலிப் பகுதியில் இந்தக் கூடாரங்கள் பல ஆண்டுகள் ஆராயப்பட்டுள்ளன. நம் மாவட்டமும் அதே வௌவால் வாழும் நிலமே.

மூன்றாவது பொந்துள்ள முதிய மரம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஒரே நாளில் சாய்த்த பெருமரங்களின் இடத்தில் பல விளைகளில் இன்று ரப்பர்தான் நிற்கிறது. ரப்பர் தோட்டத்தில் வௌவால் தின்னப் பழமும் இல்லை, ஒடுங்கப் பொந்தும் இல்லை. தப்பி நிற்கும் மாவோ அயனியோ பட்டுப்போனால், வீட்டின் மேல் விழும் ஆபத்து இல்லாதவரை, தடியை நிற்க விடுவது நல்லது.

பெட்டி செய்தே பார்க்கிறேன். அளவு என்ன?

உயரம் சுமார் 60 சென்டிமீட்டர், அகலம் 35 முதல் 40 சென்டிமீட்டர் இருக்கும் தட்டையான பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். அடிப்பகுதி முழுவதும் திறந்திருக்க வேண்டும். உள்ளே பலகைக்கும் பலகைக்கும் இடையே 2 சென்டிமீட்டர் இடைவெளி. இதுதான் மிக முக்கியமான அளவு. பறவைக் கூண்டுபோல அகலமாகச் செய்துவிட்டால் குளவியும் அணிலும்தான் வரும். பின்பலகை கீழே 10 முதல் 15 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் வந்து இறங்கும் வௌவால் பற்றி ஏற முடியும். உட்பக்கம் முழுவதும் வாளால் குறுக்குக் கீறல் போட வேண்டும். கம்பிவலை அடிப்பது வேண்டாம்; சிறகும் நகமும் கிழியும்.

நம் வெயிலுக்கு இரண்டு மூன்று அறைகள் அடுத்தடுத்து இருப்பதும், முன்பலகையில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரற்கடை அகலத்துக்குக் காற்றுப் பிளவு விடுவதும் அவசியம். சூடு ஏற ஏற வௌவால் கீழே இறங்கியோ அடுத்த அறைக்கு மாறியோ தங்கிக்கொள்ளும். வெளிப்புறம் வெள்ளையோ வெளிர்நிறமோ தண்ணீர்ப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே எதுவும் அடிக்கக் கூடாது.

மரத்துக்கு அயனியோ பலாவோ போதும். விலை குறைவு என்று ரப்பர்ப் பலகை வாங்காதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதை மருந்தில் ஊறவைத்துத்தான் விற்பார்கள். அப்படி ஊறியும் மழையில் நிலைக்காது. கரையான் மருந்து பூசிய பழைய பலகையையும் தவிர்க்க வேண்டும்.

எங்கே, எந்தத் திசையில் மாட்டுவது?

தரையிலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயரம். கீழே கிளையோ கம்பியோ இல்லாத வெட்டவெளி. பெட்டியை விட்டு வௌவால் முதலில் கீழே விழுந்துதான் பறக்கத் தொடங்கும். வீட்டின் கிழக்குச் சுவர் நல்லது. மாலை வெயிலும் மேற்கிலிருந்து அடிக்கும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் படாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தார் கணவாய்க் காற்றுக்கு மறைவான சுவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தென்னையில் கட்ட வேண்டாம். மட்டை விழும், எலி ஏறும். வாசல், சன்னல், கிணறு, தொழுவம் ஆகியவற்றின் நேர்மேலே மாட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் மாட்டுகிறார்கள்.

வந்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டிக்கு அடியில் எச்சம் கிடக்கும். விரலால் நசுக்காமல் ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள். பூச்சிச் சிறகின் மினுக்கத்துடன் பொடியாக உதிர்ந்தால் வௌவால். முனையில் வெள்ளை இருந்தால் பல்லி. கெட்டியாக நின்றால் எலி. இரண்டு ஆண்டு வரை பொறுக்கலாம். அதன் பிறகும் ஒன்றும் இல்லையென்றால் வேறு சுவருக்கு மாற்ற வேண்டும். வேறிடத்திலிருந்து பிடித்துவந்து உள்ளே விடுவது பயனற்றது; மறுநாள் இருக்காது.

பழ வௌவாலுக்கு என்ன மரம் நடலாம்?

சிறிய புரையிடத்துக்குத் தேன்பழ மரம் எனப்படும் சிங்கப்பூர் செர்ரி நல்லது. விரைவில் வளரும், ஆண்டின் பெரும்பகுதியும் காய்க்கும். இடம் இருந்தால் நாட்டு வாதுமை, நாவல், அத்தி, புன்னை. இலவம்பஞ்சும் இலுப்பையும் பூக்கும் காலத்தில் தேனுக்காக வௌவால்கள் வரும். அவற்றின் மகரந்தத்தைச் சுமப்பதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆலும் அரசும் கோயில் வளாகத்துக்கும் குளக்கரைக்கும் உரியவை. வீட்டுச் சுவரருகே நட்டால் வேர் கடைக்காலைப் பெயர்க்கும்.

பூச்சி தின்னும் வகைகளுக்குப் பவழமல்லி, அந்திமந்தாரை, மரமல்லி போன்ற அந்தியில் மலர்பவை மறைமுகமாக உதவும். வாசனைக்கு அந்துப்பூச்சி வரும், அதன் பின்னால் வௌவால் வரும். குருவிக்கு வைக்கும் சட்டித் தண்ணீர் வௌவாலுக்குப் பயன்படாது. அது பறந்தபடியே நீர்ப்பரப்பைத் தொட்டுக் குடிப்பது. பக்கத்துக் குளத்தில் ஆகாயத்தாமரை மூடாமலிருப்பதே அதற்கு வேண்டியது.

மட்டி வாழையும் செந்துளுவனும் போட்டிருக்கிறோம். வௌவாலை அழைத்தால் குலை மிஞ்சுமா?

சந்தைக்குப் போகும் குலை பச்சையாகவே வெட்டப்படுகிறது. வௌவால் தேடுவது கனிந்ததை. எனவே வாழைத்தோட்டத்துக்கு அஞ்சுகிற அளவு இழப்பு நேர்வதில்லை. மரத்திலேயே பழுக்கவிடும் சப்போட்டா, கொய்யா, மா ஆகியவற்றில் இழப்பு உண்மைதான். குலைக்குச் சாக்கு உறை போடலாம். கொய்யாவுக்குத் துணிப்பை கட்டலாம்.

வலை போடுவதென்றால் எந்த வலை என்பதில் கவனம் வேண்டும். மீன்பிடிக்கும் நரம்பு வலையைத் தளர்வாகப் போர்த்துவது வௌவாலுக்கும் ஆந்தைக்கும் பாம்புக்கும் தூக்குக் கயிறு. நம் கடற்கரையில் பழைய வலை எளிதாகக் கிடைப்பதால் இந்தத் தவறு இங்கே அதிகம். விரல் நுழையாத சிறுகண் வலையை, வெள்ளை நிறத்தில், சட்டம் கட்டி விறைப்பாக இழுத்துக் கட்டினால் பழமும் தப்பும், உயிரும் தப்பும்.

நிபா வைரஸ் பரவுமே? அழைப்பது அறிவுடைமையா?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கேரளத்தில் 2018-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா பரவியது. பின்னரும் சில ஆண்டுகளில் அங்கே தலைகாட்டியது. வைரஸைச் சுமப்பது பெரிய பழந்தின்னி வௌவால். 2018-இல் முதலில் ஐயத்துக்குள்ளானவை ஒரு வீட்டுக் கிணற்றில் பிடிக்கப்பட்ட பூச்சியுண்ணும் வௌவால்கள்; சோதனையில் அவற்றில் வைரஸ் இல்லை. பின்னர் பழந்தின்னி வௌவால்களில்தான் அது கண்டறியப்பட்டது. ஆகவே ஓட்டிடுக்கில் இருக்கும் சிறுவௌவாலை நிபாவின் பெயரால் கொல்வது பொருளற்றது.

பழந்தின்னி வௌவால் விளைக்கு வருவதை நாம் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தடுக்க முடியாது; ஓர் இரவில் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடுவது அது. எனவே வௌவால் கடித்த பழத்தைத் தொடவோ உண்ணவோ கூடாது, மாட்டுக்கும் பன்றிக்கும் போடக் கூடாது. விழுந்த பழத்தை உண்ணாமல் விடுவதே நல்லது; பறித்த பழத்தையும் கழுவித் தோல் சீவிய பிறகே உண்ண வேண்டும். மரத்தில் தொங்கும் கூட்டத்தைத் துரத்துவது கேடு. கலைந்த கூட்டம் பல ஊர்களுக்குச் சிதறும்.

அக்கானி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் இந்நோய் மனிதருக்குப் பரவிய முக்கிய வழி, இரவில் வௌவால் நக்கிய ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்ததுதான். நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது அக்கானி புளிக்காமலிருக்க. அதை நோய்க்கான காப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலயத்தின் வாயையும் பாளையின் வெட்டுவாயையும் சேர்த்து வலையாலோ ஓலையாலோ மூடிக் கட்டுவதும், காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதும் பாதுகாப்பான வழிகள்.

கடித்துவிட்டால்?

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, கடித்தது வௌவால் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கீறல் சிறிதென்று விட்டுவிடக் கூடாது. தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுப்பதாலேயே கடி நேர்கிறது.

அறைக்குள் புகுந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். அதுவே அதற்குப் பெரிய ஆபத்து. அறை விளக்கை அணைத்து, வெளிப்பக்கச் சன்னல்களைத் திறந்து, உள்கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள், தானே போய்விடும். சகுனம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். விளக்கைச் சுற்றிய ஈசலைத் துரத்திக்கொண்டு வந்திருக்கும். பல வகைகளுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம். தரையில் கிடந்தால் தடித்த துணியால் மூடி அட்டைப்பெட்டியில் எடுத்து, அந்தியில் மரத்தில் உயரமாகத் தொற்ற விடலாம்.

மச்சில் ஏற்கெனவே தங்கியிருக்கிறது. ஓடு மாற்ற வேண்டும். எப்படி வெளியேற்றுவது?

குட்டி இல்லாத காலம் பார்த்துச் செய்ய வேண்டும். வௌவால்கள் மெதுவாகவே பெருகுபவை. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. குறுமூக்குப் பழ வௌவால் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி மார்ச்சில் ஒரு முறையும் ஜூன் ஜூலையில் ஒரு முறையும் ஈனும். சிறுவகைகளின் காலம் மாறுபடும் என்பதால், பகலில் டார்ச் அடித்துக் கைமர இடுக்குகளில் முடியில்லாத குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இல்லையென்றால், அவை வெளிவரும் துளையின் மேல் விளிம்பில் ஒரு துணித்திரையைத் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். வெளியே நழுவ முடியும், திரும்ப ஏற முடியாது. ஐந்தாறு இரவுகளுக்குப் பின் துளையை அடைக்கலாம். பாச்சை உருண்டை, சாம்பிராணிப் புகை, வெடி ஆகியவை வீட்டாரைத்தான் முதலில் வெளியேற்றும். பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி மாட்டுவதற்கு ஏற்ற தருணம் இதுதான். இடம் இழந்த வௌவால் அருகிலேயே தேடும்.

எச்சத்தை உரமாக்கலாமா?

ஆக்கலாம், தழைச்சத்து மிகுந்தது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் எழும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து அள்ளி, மட்கவைத்துப் பிறகு இடுங்கள்.

ஆஸ்துமாவுக்கு வௌவால் இறைச்சி நல்லதென்கிறார்களே? சுடுவது குற்றமா?

மருந்து என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அறுத்துச் சமைப்பவருக்கு நோய்த்தொற்றுக்கு வாய்ப்பு உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பழ வௌவால்கள் நெடுங்காலம் தீங்குயிரிப் பட்டியலில் இருந்தன. 2022-இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது. பழைய நினைவில் துப்பாக்கி எடுப்பவருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

விளக்கும் வெடியும் பாதிக்குமா?

இரண்டும் பாதிக்கும். தெருவிளக்கைச் சுற்றி வேகமாகப் பறந்து வேட்டையாடும் வகைகள் உண்டு. ஆனால் தங்குமிடத்தின் வாசலில் வெளிச்சம் விழுந்தால் எந்த வௌவாலும் தாமதமாகவே வெளிவரும், அந்தியின் பூச்சித் திரளைத் தவறவிடும். ஃபோகஸ் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். இதையே போர்ட்டிகோக் கறைக்கு மருந்தாகவும் கொள்ளலாம்: தொங்கித் தின்னும் இடத்தில் சில இரவுகள் விளக்கு எரிந்தால் அது இடம் மாற்றிக்கொள்ளும். வௌவால் மரத்துக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நமக்கோ தீபாவளி, கிறிஸ்துமஸ், கோயில் கொடை, தேவாலயத் திருவிழா என்று ஆண்டு முழுவதும் வெடி. கூட்டம் தொங்கும் மரத்தடியைத் தவிர்த்து வேறு பக்கம் வெடிக்கும்படி விழாக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

எத்தனை இருக்கின்றன என்று எண்ண முடியுமா?

முடியும். சூரியன் மறைந்ததும், பருவத்தைப் பொறுத்து 6 மணி முதல் 6.45-க்குள், மரத்துக்கோ பெட்டிக்கோ மேற்கு வானம் பின்னணியாக அமையும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வெளிவருவதை மட்டும் எண்ணுங்கள். திரும்ப நுழைவதைக் கழியுங்கள். டார்ச் அடிக்க வேண்டாம். மாதம் ஒரு முறை, அதே நாளில் மழையா காற்றா என்பதையும் சேர்த்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தால், துலாமழைக்குப் (வடகிழக்குப் பருவமழை) பின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்துவிடும்.